எதிரிக் கூண்டில் எங்கள் பிரதிநிதி
(சாவகச்சேரியில் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் முழு வடிவம்)



கிழக்கே மழைக்குறி தெரிகிறது. எழுதுமட்டுவாள், மிருசுவில் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குக் கடைசி பஸ்ஸின் நினைப்பு இப்பொழுதே வந்திருக்கும். ஆகவே முகமன் கூறுவதை விடுத்து நேரே விடயத்துக்கு வருகிறோம்.

வழக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தென்மராட்சியாருக்கு வழக்கைப் பற்றி எவரும் வந்து உபதேசம் செய்ய வேண்டியதில்லை. அரைப் பரப்புக் காணிக்கும், பங்குக் கிணற்றுக்கும், எல்லையில் நின்ற ஒற்றைப் பனைக்கும் மூன்று தலைமுறை வழக்காடிய பரம்பரை நம்முடையது. அந்த வழக்காடலிலே வீண் செலவு உண்டு, வீண் பகை உண்டு. எம் தொழில் செய்வோருக்கு அதனாலே பிழைப்பும் உண்டு, மறைக்கவில்லை. ஆயினும் அதனால் ஒரு நன்மை விளைந்திருக்கிறது. நீதி விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பது நம்மூர்க் கிழவருக்கும் தெரியும். வேலியை நகர்த்தினான் என்று அயலவன் மேல் வழக்கு வைத்தால், அதை விசாரிக்க அந்த அயலவனின் மைத்துனனே அமர்வதை எவரும் ஒப்பார். வழக்கு நடக்கையில், அந்த ஒரு வழக்குக்காகவே காணிச் சட்டத்தை மாற்றி எழுதுவதை எவரும் பொறுக்கார். தெரியாத பாஷையில் எழுதிய கடதாசியில் ஒருவனது பெருவிரலைப் பிடித்து ஒற்றிவிட்டு, "நீ ஒப்புக்கொண்டாய், இல்லையென்றால் இல்லையென்று நீயே நிரூபி" என்று சொன்னால், நம் சந்தைக் கிழவிகளே சிரிப்பார்கள்.

காணி வழக்கில் நாம் ஒருநாளும் சம்மதியாத இந்த மூன்று காரியங்களும், நாட்டைப் பிரிக்கக் கேட்டான் என்று ஓர் அரசியல்வாதியையோ அவனைப் பின்பற்றிய வாலிபனையோ கூண்டில் ஏற்றும்பொழுது நடந்தேறியிருக்கின்றன. இந்நாட்டிலும் நடந்திருக்கின்றன, பிற நாட்டிலும் நடந்திருக்கின்றன. அதைப் பற்றியதே இன்றைய பேச்சு. பிரிவினை சரியா, பிழையா என்ற வாதத்துக்குள் நாம் இறங்கப் போவதில்லை. இறங்கினால் என்ன நடக்கும் என்பதும் சட்டம் படித்தவர் என்ற முறையில் நமக்குத் தெரியும். அதையும் சற்று நேரத்தில் சொல்லுகிறோம். பிரிவினை தவறென்று உறுதியாக எண்ணும் ஒருவரும் இக்கூட்டத்தில் இருக்கலாம். அவருடைய சம்மதத்தையும் வேண்டியே பேசுகிறோம்.

1976 ஆம் ஆண்டு மே மாதம். பண்ணாகத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மாநாடு கூடி, வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று இன்று அழைக்கப்படுவதை மே 14 ஆம் நாள் நிறைவேற்றி ஒரு வாரமளவே சென்றிருந்தது. துண்டுப் பிரசுரம் விநியோகித்தார்கள் என்று ஐந்து பேர் கைதாயினர். அ. அமிர்தலிங்கம், மு. சிவசிதம்பரம், கா. பொ. இரத்தினம், க. துரைரத்தினம் ஆகிய நால்வரோடு ஐந்தாமவர், 1956 முதல் இத்தொகுதி இடையறாது பாராளுமன்றத்துக்கு அனுப்பிவந்த வி. என். நவரத்தினம் அவர்கள். இளைஞருக்காக ஒரு குறிப்பு: சரித்திரத்தில் இரண்டு நவரத்தினங்கள் உண்டு. தமிழரசுக் கட்சியிலிருந்து பிரிந்து சுயாட்சிக் கழகம் கண்ட ஊர்காவற்றுறை நவரத்தினம் வேறு, நம்மவர் வேறு. இருவரையும் ஒருவராக்கி எழுதிய கட்டுரைகளை நாமே பார்த்திருக்கிறோம்.

சிவசிதம்பரம் விடப்பட்டார். ஏனைய நால்வரும் கொழும்புக்குக் கொண்டுசெல்லப்பட்டு அரச விரோதக் குற்றச்சாட்டின் பேரில் நிறுத்தப்பட்டனர். சாதாரண மேல் நீதிமன்ற விசாரணையாயின் யூரிமார் அமர்ந்திருப்பர். இங்கே யூரிமார் இல்லை. மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று. 'ட்ரயல் அற் பார்' என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்லும் வழக்கு இதுதான்.

நாம் அப்பொழுது பிறக்கவில்லை. எம் தகப்பனார் அந்நாளில் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். வழக்கு நாட்களில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு நீதிமன்ற வாசலுக்கு ஓடுவாராம். உள்ளே நுழைய இடம் கிடைத்ததில்லை. "அப்படியானால் என்னதான் கண்டீர்கள் ஐயா?" என்று சிறுவயதில் கேட்டோம். "கறுப்புக் கோட்டுகளைத்தான் கண்டனான், தம்பி" என்றார். எதிரிகளுக்காக ஏறக்குறைய எழுபது தமிழ்ச் சட்டத்தரணிகள் அவ்வழக்கில் தோன்றினார்கள். அவர்களுள்ளே எஸ். ஜே. வி. செல்வநாயகமும் இருந்தார், ஜீ. ஜீ. பொன்னம்பலமும் இருந்தார். 1949 இல் பிரிந்த இருவர். அதன் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் கட்சியை மற்றவர் கட்சி தேர்தல் தோறும் எதிர்த்தது. அவ்விருவரும் ஒரே எதிரிகளின் பக்கத்தில் நின்றார்கள். தந்தை செல்வா அப்பொழுது நடுக்க நோயால் தளர்ந்திருந்தார். 1977 பெப்ரவரியில் பொன்னம்பலமும் ஏப்ரலில் செல்வநாயகமும் மறைந்தார்கள்.

எழுபது பேர் என்ற தொகையை ஏதோ திருவிழாக் கூட்டம் போல நாம் பெருமை பேசிவருகிறோம். அவர்கள் என்ன வாதித்தார்கள் என்பதை நம்மவருள் வெகு சிலரே அறிவர். "இத்துண்டுப் பிரசுரத்தை நாங்கள் கொடுக்கவில்லை" என்பதிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. "எங்களை விசாரிக்கும் விதிகளுக்குச் சட்டப்படி உயிர் உண்டா?" என்று கேட்டார்கள். 1971 இல் தென்னிலங்கை இளைஞரின் கிளர்ச்சியை ஒட்டிப் பிறப்பிக்கப்பட்ட அவசரகால நிலை ஐந்து ஆண்டுகள் சென்ற பின்னும் நீடித்துக்கொண்டிருந்தது. அந்த நீடிப்பு முறையானதா? அதன் கீழ் நிர்வாகம் எழுதிய விதிகள் செல்லுமா? அதற்கும் மேலே, 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பே செல்லுமா? எதிரிக் கூண்டிலே நிற்பவன் தன்னைக் கூண்டிலேற்றிய சட்டத்தையே கூண்டிலேற்றினான். நீதிபதிகள் அந்த வாதத்தை அடக்கிவிடவில்லை; உட்கார்ந்து கேட்டார்கள். இறுதியில் நால்வரும் விடுவிக்கப்பட்டார்கள். 1977 ஜூலைத் தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. நவரத்தினம் மீண்டும் சாவகச்சேரியின் உறுப்பினரானார். கைதியாய்க் கொழும்பு சென்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராய்க் கொழும்பு சென்றார்.

அது நீதியான விசாரணையா என்று கேட்டால், நாம் பாதி மனத்தோடுதான் விடை கூறுவோம். யூரிமாரை அகற்றியது நியாயமன்று. அவசரகால விதிகளின் கீழ் அரசியல் எதிராளிகளை நிறுத்தியது நியாயமன்று. மேலே போவதற்கிருந்த ஒரு கதவும் அதற்கு முன்பே அடைபட்டுவிட்டது. அதன் அருமை தெரிய 1962 ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று தமிழரை ஒறுப்பதற்கென்று கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1962 இல் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்று படை, பொலிஸ் உயரதிகாரிகளும் பிறருமாக 24 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் தமிழரல்லர். அவர்களை விசாரிப்பதற்கென்றே அவ்வாண்டு ஒரு விசேட சட்டம் ஆக்கப்பட்டது. செயல் நடந்த பிறகு சட்டம். சட்டத்துக்குப் பின்னோக்கிய வலு. குறைந்த தண்டனை பத்து ஆண்டு. சாட்சிய விதியிலும் மாற்றம். மன்றில் அமரும் நீதிபதிகளை நீதி மந்திரியே பெயர் குறித்து நியமித்தார். அம்மூவரும் என்ன செய்தார்கள்? வழக்குத் தொடுத்த அரசின் மந்திரி தேர்ந்தெடுத்த மன்று இவ்வழக்கை விசாரித்தல் ஆகாது என்று தீர்ப்பளித்து எழுந்துவிட்டார்கள். இரண்டாவது மன்று கூடியது. அதிலே அமர்ந்த நீதிபதியொருவர், முன்னர் சட்டமா அதிபர் கடமையிலிருந்து இதே விடயத்தின் புலனாய்வோடு சம்பந்தப்பட்டவர் என்று எடுத்துக்காட்டப்பட்டது. அந்த மன்றும் கலைந்தது. மூன்றாவது மன்றே வழக்கை முடித்து 11 பேரைத் தண்டித்தது. அவர்கள் லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போனார்கள். குறித்த சில ஆட்களைத் தண்டிப்பதற்கென்று சட்டசபை சட்டம் எழுதுவது நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிப்பதாகும் என்று 1965 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில் கூறி, அத்தனை பேரையும் விடுவித்தது.

மைத்துனன் நீதிபதியாக அமர்வதும், ஒரு வழக்குக்காகச் சட்டம் மாற்றுவதும் என்று முன்னே சொன்னோம். இரண்டும் இந்த ஒரு வழக்கிலே உண்டு. ஆங்கிலேயன் நீதிமன்றத்தின் மேல் நமக்கு விசேட பக்தி கிடையாது. ஆனால் அக்கதவு 1971 இல் அடைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக, அரசியற் காற்று எட்டாத ஒரு கதவு இங்கே திறக்கப்படவில்லை.

1976 இல் நால்வருக்கும் கிடைத்தவை என்னென்ன? பெயர் சொல்லிக் குற்றப்பத்திரிகை, வெளிப்படையான மன்று, தாமே தெரிந்த சட்டத்தரணி, வாதத்தைக் கேட்ட நீதிபதிகள். பின்னால் வந்தவர்களுக்கு இவையும் குறைந்தன. 1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 'தற்காலிக ஏற்பாடுகள்' என்று பெயரிலேயே எழுதி வைத்தார்கள். 1982 இல் அதை நிரந்தரமாக்கினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

அதன் 16 ஆம் பிரிவைக் கமக்காரரும் அறிந்திருத்தல் வேண்டும். நம் நாட்டின் சாட்சியச் சட்டப்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் ஒருவன் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிராக நிரூபிக்க இயலாது. ஆடு திருடினான் என்றாலும் அதுதான் சட்டம், கொலை செய்தான் என்றாலும் அதுதான் சட்டம். ஏன்? பூட்டிய அறைக்குள் என்ன நடக்கும் என்பதை அச்சட்டத்தை எழுதிய வெள்ளைக்காரனும் அறிந்திருந்தான். 16 ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும்; அது அடித்து வாங்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் பாரம் எதிரியின் தலையில். அடித்தவனும் அடிபட்டவனும் மட்டுமே இருந்த அறையிலிருந்து எதிரி எந்தச் சாட்சியைக் கொண்டுவருவான்?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. 1993 இல் கைதான ஒரு தமிழ் இளைஞரின் வழக்கு சட்ட ஏடுகளிலே பதிவாகியிருக்கிறது. பெயர் அங்கே உண்டு, மேடையில் வேண்டாம். சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதல். அவருக்கோ சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரே. அந்த ஒப்புதலின் பேரில் 1995 இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. அவ்விசாரணை நீதியானதன்று என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004 இல் முடிவு கூறியது: சுதந்திரமான மொழிபெயர்ப்பாளர் இல்லை, நிரூபிக்கும் பாரத்தை எதிரிமேற் சுமத்தியதும் தவறு. அந்த முடிவோடு அவர் நம் நாட்டு உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பிவந்தபோது, அக்குழுவுக்கு முறையிடும் உரிமையை ஏற்று அரசு கைச்சாத்திட்டதே அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று 2006 இல் தீர்ப்பாயிற்று. 2022 இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தடுப்புக் காவலின் உச்ச எல்லை 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. 16 ஆம் பிரிவு அப்படியே விடப்பட்டது.

நான்கு தலைவருக்கு எழுபது சட்டத்தரணி வந்தார்கள் என்று சற்று முன் சொன்னோம். இந்த இளைஞரைப் போன்றவர்கள் விளக்கமறியலில் கிடந்த ஆண்டுகளில் எத்தனை கறுப்புக் கோட்டுகள் போயின? சிலர் போனார்கள், கூலி வாங்காமலே போனவர்களும் உண்டு, அவர்களை வணங்குகிறோம். பெரும்பாலானோர் போகவில்லை. பயம் இருந்தது, நியாயமான பயமே. ஆயினும் வழக்கின் பின்னால் மேடையும் மாலையும் இல்லாதபோது எம் தொழிலாரின் வேகம் குறைகிறது என்பதை எம் தொழிலார் முன்னிலையிலேயே சொல்லுகிறோம்.

தென்னிலங்கை நண்பர்களுக்கும் ஒரு சொல். 1971 கிளர்ச்சியில் கைதான சிங்கள இளைஞரை விசாரிக்க 1972 இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் ஆக்கப்பட்டது. சாட்சிய விதிகளைத் தளர்த்தியது அச்சட்டம். ரோகண விஜேவீரவுக்கு ஆயுட்சிறை விதித்தது அந்த ஆணைக்குழுவே. தமிழருக்கென்று பலரும் எண்ணிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2020 இல் ஹிஜாஸ் ஹிஸ்புல்லா என்ற முஸ்லிம் சட்டத்தரணி கைதாகி, பிணை கிடைக்க 2022 ஆம் ஆண்டாயிற்று. அதே 2022 இல், காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் பின், மாணவர் தலைவர் வசந்த முதலிகே அதே சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். பாம்புக்கு வேலி தெரியாது.

இனி, இறங்கமாட்டோம் என்று சொன்ன வாதத்தில் இறங்கினால் என்ன நடக்கும்? 1983 ஆகஸ்டு 8 ஆம் நாள், கறுப்பு ஜூலையின் புகை அடங்குமுன்னே, ஆறாவது திருத்தம் நிறைவேறிற்று. அரசியலமைப்பின் 157அ உறுப்புரை அதனால் வந்தது. இலங்கையின் ஆள்புலத்துக்குள் தனியரசு அமைப்பதை நேராகவோ மறைவாகவோ ஆதரித்தல், பரிந்து பேசுதல், ஊக்குவித்தல், பணம் கொடுத்தல் எல்லாம் குற்றம். ஆயுதம் தேவையில்லை, வன்செயல் தேவையில்லை, வாய் போதும். தண்டனையைக் கேளுங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் குற்றவாளியெனக் கண்டால், ஏழு ஆண்டுவரை குடியியல் உரிமை போகும். கடவுச்சீட்டு இல்லை, பொதுப் பரீட்சை எழுத இயலாது, உரிமம் வேண்டிய தொழிலோ வியாபாரமோ செய்ய இயலாது, காணி வைத்திருக்கவும் இயலாது. அசையும் சொத்து, அசையாச் சொத்து இரண்டும் பறிமுதல். அவனும் குடும்பமும் உயிர் வாழப் போதுமென்று நீதிமன்றம் கருதுவதை மாத்திரம் விடுவார்கள். இங்கிருக்கும் வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் தொழில் போகும். கமக்காரருக்குத் தோட்டம் போகும். பிள்ளைக்குத் தகப்பன் எழுதிவைக்க நினைத்த காணியும் போகும். கொலைகாரன் கூடத் தூக்குத் தண்டனை பெற்றாலும் காணியைப் பிள்ளைக்கு விட்டுப் போகிறான்.

அத்திருத்தம் கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் 1983 முடிவதற்குள் ஆசனங்களை இழந்தார்கள். இத்தொகுதியின் ஆசனமும் வெறுமையாயிற்று. வாக்காளர் கொடுத்ததை வாக்காளர் திரும்பப் பெறவில்லை. குற்றப்பத்திரிகையும் இல்லை, விசாரணையும் இல்லை.

இந்தியாவும் 1963 இல் பதினாறாவது திருத்தம் செய்தது. தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறைமையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகப் பிரமாணம் செய்ய வேண்டுமென்று வைத்தது. திராவிட முன்னேற்றக் கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது; 1967 இல் சென்னையில் ஆட்சிக்கு வந்தது. அண்ணாவின் வீட்டையோ நிலத்தையோ பறிக்க அத்திருத்தம் வழி சொல்லவில்லை. கனடாவிலே கியூபெக்கைப் பிரிக்கக் கேட்ட கட்சி மாகாண அரசையே நடத்தி, 1980 இலும் 1995 இலும் மக்கள் வாக்கெடுப்பும் வைத்துத் தோற்றது. அத்தோல்விகளுக்காக எவர் வீட்டுக் கதவிலும் பறிமுதல் கட்டளை ஒட்டப்படவில்லை.

நம் நீதிமன்றங்களைப் பற்றிக் குறையே கூறிக்கொண்டிருந்தால் நாமும் நியாயந் தவறியவர்களாவோம். இலங்கைத் தமிழரசுக் கட்சியும் தனிநாட்டையே நோக்கமாகக் கொண்டது என்று பிரகடனம் செய்யக் கோரி, 157அ உறுப்புரையின் கீழ் 2014 இல் உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு வைக்கப்பட்டது. கட்சியின் சார்பில் மாவை சேனாதிராசா அவர்கள் எதிர்மனுதாரர். 2017 ஆகஸ்டு 4 ஆம் நாள், பிரதம நீதியரசர் பிரியசாத் டெப் தலைமையிலான மன்று அம்மனுவைத் தள்ளியது. ஒரு நாட்டுக்குள்ளே சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று தெளிவாகக் கூறியது. 1949 முதல் நம் பெரியோர் மேடைதோறும் சொல்லித் தொண்டை வற்றிய ஒரு வாக்கியம் அறுபத்தெட்டு ஆண்டுகளின் பின் தீர்ப்பில் ஏறிற்று.

இப்பொழுது கடல் கடந்து ஒரு வழக்கைப் பாருங்கள். ஸ்பானிய தேசத்தின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழ்கிறார்கள். தனிமொழி உடையவர்கள், அம்மொழிக்கு ஐரோப்பாவில் உறவு மொழி எதுவும் காணப்படவில்லை. அங்கே தனிநாடு கேட்டு 'எத்தா' என்ற ஆயுத இயக்கம் பல ஆண்டு கொலைகள் செய்தது. அதோடு சேர்த்து எண்ணப்பட்ட 'பத்தாசுனா' என்ற கட்சி தடைசெய்யப்பட்டது. அத்தடை சரியென்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே 2009 இல் கூறிற்று. நமக்குச் சாதகமாய் இருப்பதை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு இதை விட்டுவிட நாம் விரும்பவில்லை. கொலையை அரசியலுக்குக் கருவியாக்குவோரிடமிருந்து தன்னைக் காக்க ஒரு சனநாயக நாட்டுக்கு உரிமை உண்டு என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து, நமதும் அதுவே.

அக்கட்சியின் முன்னணித் தலைவர் அர்னால்டோ ஒத்தேகி. இளமையில் ஆயுத இயக்கத்தில் இருந்து சிறை அனுபவித்தவர். பின்னர் அரசியலுக்கு வந்தவர். தடைசெய்த கட்சியை மீண்டும் கட்ட முயன்றார் என்று 2009 இல் அவரையும் வேறு சிலரையும் கைது செய்தார்கள். பாஸ்க் ஊரிலே நடந்ததை மட்ரிட் நகரத் தேசிய நீதிமன்றம் விசாரித்தது. சர்வாதிகாரி பிராங்கோவின் பொது ஒழுங்கு நீதிமன்றத்தை 1977 இல் ஒழித்தபோது உண்டாக்கிய மன்று அது. நம் நால்வரும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோகப்பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

2011 இல் தண்டித்த மூவருள்ளே தலைமை வகித்த நீதிபதி அம்மையார், அதற்கு முன் வேறொரு வழக்கிலும் ஒத்தேகியை விசாரித்தவர். அவ்வழக்கில், "எத்தாவின் வன்முறையைக் கண்டிக்கிறீரா?" என்று அவரே கேட்டார். ஒத்தேகி விடை கூற மறுத்தார். "நீர் விடை சொல்லமாட்டீர் என்பது எனக்கு முன்னமே தெரியும்" என்ற கருத்துப்பட நீதிபதி சொன்னார். அந்தப் பேச்சு பாரபட்சத்தின் அறிகுறி என்று ஸ்பானிய உயர் நீதிமன்றமே முந்திய வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பிவிட்டது. அப்படியிருக்க, அடுத்த வழக்கிலும் அவரே அமர்ந்தார். எதிரிகள் ஆட்சேபித்தார்கள்; ஆட்சேபம் தள்ளப்பட்டது. ஒத்தேகிக்குப் பத்து ஆண்டு; மேன்முறையீட்டில் ஆறரை ஆண்டாயிற்று. அதை முழுவதும் கழித்து 2016 மார்ச்சில் வெளியே வந்தார். 2018 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருக்கும் உடன் தண்டிக்கப்பட்டோருக்கும் பட்சபாதமற்ற மன்று கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. 2020 இல் ஸ்பானிய உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே அதே நீதிமன்றம் மறுவிசாரணைக்கும் கட்டளையிட்டது; அரசியலமைப்பு நீதிமன்றம் அக்கட்டளையைப் பின்னர் தள்ளிற்று. ஆறரை ஆண்டை எந்த நீதிமன்றமும் திருப்பிக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் இயலாது.

அந்த நீதிபதி வேண்டுமென்றே வஞ்சித்தார் என்று நாம் கூறவில்லை. ஐரோப்பிய நீதிமன்றமும் அப்படிக் கூறவில்லை. பார்ப்பவனுக்கு ஐயம் எழ நியாயமான காரணம் இருந்தால் போதும் என்பதே அது பிடித்த அளவுகோல். நம் காணி வழக்கின் மைத்துனன் ஒருவேளை உத்தமனாகவே இருக்கலாம். ஆயினும் அவனை நாம் ஒப்புவதில்லை.

அன்பர்களே, இனிச் சொல்ல இருப்பது நமக்குச் சிரமமானது. சிலர் எழுந்து போனாலும் வருத்தப்பட மாட்டோம். நீதியான விசாரணை வேண்டும் என்று கொழும்பை நோக்கியும் ஜெனீவாவை நோக்கியும் குரல் கொடுத்த நாம், நமக்குள்ளே என்ன செய்தோம்? 1975 ஜூலை 27 ஆம் நாள் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலையில் வைத்துச் சுடப்பட்டார். அவரது அரசியல் நமக்கு உடன்பாடானதன்று. ஆனால் அவர்மேல் எந்தக் குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று? எந்த மன்றில்? 'துரோகி' என்ற ஒரு சொல்லே குற்றச்சாட்டாகவும் சாட்சியாகவும் தீர்ப்பாகவும் இருந்தது. அச்சொல்லைத் தாராளமாக வீசியவை நமது மேடைகள். கைதட்டியவை நமது கூட்டங்கள். அடுத்த ஆண்டிலே அமிர்தலிங்கத்துக்குக் கொழும்பிலே விசாரணை நடந்தது. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1989 ஜூலை 13 ஆம் நாள், கொழும்பிலே அதே அமிர்தலிங்கத்தை அவர் தங்கியிருந்த வீட்டில் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். உடனிருந்த வெ. யோகேஸ்வரனும் கொல்லப்பட்டார், 1976 இல் கைதாகி விடப்பட்ட சிவசிதம்பரம் படுகாயத்தோடு தப்பினார். பேச வந்திருக்கிறோம் என்று வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்த வீடு அது. எதிரி என்று தாம் கருதிய அரசிடம் அமிர்தலிங்கம் பெற்ற குற்றப்பத்திரிகையும் சட்டத்தரணியும் திறந்த மன்றும், தம்மவரிடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்று நம்மில் எழுபது பேர் எழுந்து நிற்கவில்லை. ஏழு பேரும் நிற்கவில்லை. அச்சம் என்று காரணம் சொல்லலாம், அது உண்மையுந்தான். எனினும் ஒரு தெற்கத்திய நீதிபதியின் முன் நின்று நியாயம் கேட்கும்போது இது நம் தொண்டையில் சிக்குகிறது. "உங்களவருக்கு நீங்கள் கொடுக்காததை எங்களிடம் எப்படிக் கேட்கிறீர்?" என்று அவர் கேட்கமாட்டார், மரியாதை உள்ளவர். நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, இங்கே என்ன செய்யலாம்? 16 ஆம் பிரிவை நீக்கு, 157அ உறுப்புரையின் சொத்துப் பறிமுதலை நீக்கு என்று தீர்மானம் எழுதி அனுப்பலாம், அனுப்பத்தான் போகிறோம். தீர்மானங்களை வாசிப்பவர் வாசிக்கட்டும். அதைவிடக் கையெட்டும் காரியங்கள் சில உண்டு. இத்தொகுதியில், விசேட சட்டங்களின் கீழ் வழக்குள்ள பிள்ளைகளின் தாய்மார் சிலர் இன்றும் தவணைக்குத் தவணை தனியே பஸ் ஏறிப் போகிறார்கள். மன்றிலே பேசப்படுவது அவர்களுக்கு விளங்குவதில்லை. அடுத்த தவணை எப்பொழுது என்பதைக்கூட வாசலில் நிற்பவரைக் கேட்டுத்தான் அறிகிறார்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு சட்டத்தரணியும், இரு மொழியும் தெரிந்த ஓர் ஆசிரியரும் உடன் போக வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள். பயணச் செலவைக் கமக்காரர் ஏற்றால் போதும். மாம்பழக் காலத்து ஒருநாள் சந்தை வருமானத்தில் சிறு பங்கு. எதிரி எந்தக் கட்சி, எந்த இயக்கம், என்ன செய்தான் என்று எவரும் கேட்கக் கூடாது. நமக்குப் பிடியாத அரசியல் உடையவனாயினும் சரி, நம் மதத்தவன் அல்லாதவனாயினும் சரி.

மேடைக்கு இடப்பக்கத்து மேசையில் இரண்டு கொப்பிகள் வைத்திருக்கிறோம். ஒன்றிலே, போகச் சம்மதமானவர்கள் பெயரையும் வசதியான கிழமையையும் எழுதுங்கள். மற்றதிலே, வழக்குள்ள குடும்பத்தார் நீதிமன்றத்தின் பெயரையும் வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் மாத்திரம் எழுதினால் போதும். பெயர் எழுத விருப்பமில்லாதவர்கள் எழுத வேண்டாம். மழை வருமுன் எழுதிவிட்டுப் போங்கள்.